சுவரும் வேண்டும், அஞ்சடியும் வேண்டும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்க உரை)



வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பார்கள் பெரியவர்கள். வீடு கட்ட ஆகும் செலவையும் அலைச்சலையும் மனத்தில் வைத்துச் சொன்ன வார்த்தை அது. இன்று வீட்டைக் கட்டுவது மேம்பாட்டாளரின் வேலையாகிவிட்டது. வாங்குகிறவர் செய்வதெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, வங்கிக்கு முப்பது ஆண்டுகள் தவணை கட்டுவதுதான். அதனால் விலை என்ன, எத்தனை அறை, பள்ளி எவ்வளவு தூரம் என்ற கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரு முக்கியமான கேள்வியை யாரும் கேட்பதில்லை. இந்த வீடு குடியிருப்பவரை அமைதியாகத் தனித்திருக்க விடுமா? அதே நேரத்தில் அண்டை அயலாரோடு சேர்ந்திருக்க விடுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட வெளிநாடு போக வேண்டியதில்லை. ஜொகூர் பாருவிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கோத்தா திங்கியைச் சுற்றி ஒரு நாள் வலம் வந்தால் போதும். ஜொகூர் ஆற்றின் கரையில் பழைய ஊர். கடைவீதியில் அஞ்சடி வைத்த கடைவீடுகள். ஆற்றோரத்தில் கம்பத்து வீடுகள். ரெம், பாசாக், தெலுக் செங்காட் என்று தமிழர்களின் வியர்வை சிந்திய தோட்டங்கள். லோக் ஹெங், ஆயர் தாவார், செமெஞ்சு என்று பெல்டா நிலக் குடியேற்றங்கள். இவற்றுக்கிடையே புதிதாக எழுந்த தாமான்கள். மனிதர்களைக் குடியமர்த்த இந்த நாடு கையாண்ட வழிகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரே மாவட்டத்தில் பார்த்துவிடலாம்.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு மாறிவந்த குடும்பங்களிடம் இரண்டு புலம்பல்களைக் கேட்கலாம். "லயத்தில் இருந்தபோது ஒரு வார்த்தை ரகசியமாகப் பேச முடியாது" என்பது ஒன்று. "தாமானுக்கு வந்த பிறகு பேசுவதற்கே ஆளில்லை" என்பது மற்றொன்று. ஒரே வாயிலிருந்து இரண்டும் வருவதைப் பார்த்து, மனிதர்களுக்கு எதிலும் திருப்தி கிடையாது என்று சிலர் சிரிப்பார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. இரண்டும் உண்மை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தால் வீட்டை எப்படி அமைக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

லயம் யாருக்காகக் கட்டப்பட்டது?

தோட்ட வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது, ஊரே ஒரு குடும்பமாக இருந்த காலம் என்று பெருமூச்சு விடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் லயம் என்ற கட்டடம் ஒற்றுமையை வளர்ப்பதற்காகக் கட்டப்பட்டதல்ல. குறைந்த செலவில் நிறைய பேரை ஒரே இடத்தில் தங்கவைத்து, விடியற்காலையில் பிரட்டுக்கு உடனே திரட்டுவதற்காகக் கட்டப்பட்டது அது. பழைய லயங்களில் நீண்ட கட்டடத்தை மெல்லிய தடுப்புகளால் பிரித்து, குடும்பத்துக்கு ஓர் அறை என்று கொடுத்தார்கள். முன்னால் எல்லோருக்கும் பொதுவான அஞ்சடி. தடுப்புச் சுவர் பல இடங்களில் கூரைவரை எட்டாது. ஒரு வீட்டில் குழந்தை இருமினால் அடுத்த வீட்டில் விளக்கு எரியும்.

1948இல் அவசரகாலம் தொடங்கியது. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்த பிறகு, சிதறிக் கிடந்த தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் முள்வேலிக்குள் ஒன்றாக நெருக்கப்பட்டன. இருந்த கொஞ்சநஞ்ச இடைவெளியும் போயிற்று.

இந்த நெருக்கத்தின் விலையை அதிகம் கொடுத்தவர்கள் பெண்கள். குளிக்கவும் துவைக்கவும் பொதுக் குழாயடி. புதிதாகத் திருமணமான தம்பதிக்கு மாமனார், மாமியார், மைத்துனர்கள் படுத்திருக்கும் அதே அறையில் ஒரு சேலைத் திரை. கணவன் குடித்துவிட்டு வந்து அடித்தால் லயம் முழுவதும் கேட்கும். ஆனால் கேட்காதது போல் எல்லோரும் இருப்பார்கள். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு அமைதியான ஒரு மூலை கிடையாது. தோட்டப் பிள்ளைகள் ஏன் படிப்பில் பின்தங்கினார்கள் என்று எத்தனையோ கருத்தரங்குகளில் விவாதித்தாயிற்று. ஒரு மேசை போட இடமில்லாத வீட்டைப் பற்றி அந்த விவாதங்களில் பேசியது குறைவு.

அப்படியானால் அந்தத் தோட்ட ஒற்றுமை பொய்யா? இல்லை. அது உண்மையாகவே இருந்தது. ஆனால் அதை உண்டாக்கியது அறைகளின் நெருக்கடி அல்ல. அறைக்கு வெளியே இருந்த இடங்கள்தான். மாலையில் உட்கார்ந்து பேச அஞ்சடி. பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்காட்டுக்குப் போக ஆயாக்கொட்டகை. பந்து விளையாடத் திடல். ஆண்டுக்கு ஒருமுறை திருவிழா கூடும் மாரியம்மன் கோயில். பக்கத்திலேயே தமிழ்ப்பள்ளி. வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் வாழையும் வைத்த காய்கறிக் கொல்லை. எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. எங்கே போனாலும் தெரிந்த முகம் நான்கு எதிர்ப்படும். தனிமை கிடைக்காத குறையை அறை உண்டாக்கியது. உறவு கிடைத்த நிறைவை வெளியிடங்கள் தந்தன. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் நெருக்கமாக இருந்தால் ஒற்றுமை வரும் என்ற தவறான எண்ணம் உண்டாயிற்று.

ஒரே வடிவம், வேறு கணக்கு

சரவாக்கின் இபான் மக்கள் வாழும் நீள வீடும் தொலைவிலிருந்து பார்த்தால் லயத்தைப் போலவே இருக்கும். ஒரே கூரையின் கீழ் இருபது, முப்பது குடும்பங்கள். ஆனால் கணக்கு வேறு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 'பிலிக்' என்ற சொந்தப் பகுதி உண்டு. அதற்குக் கதவு உண்டு. சமையல், உறக்கம், குடும்பச் சொத்து எல்லாம் அதற்குள். கதவைத் திறந்து வெளியே வந்தால் 'ருவாய்' என்ற நீண்ட கூடம், கட்டடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடும். அங்கேதான் பாய் முடைவது, விருந்தாளியை வரவேற்பது, பஞ்சாயத்துப் பேசுவது எல்லாம். அதற்கும் வெளியே 'தஞ்சு' என்ற திறந்த மேடை. நெல் காயவைக்கும் இடம்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. ருவாய் எல்லோரும் நடமாடும் இடம்தான். ஆனால் ஒவ்வொரு குடும்பத்தின் பிலிக்கிற்கு நேர் எதிரே உள்ள பகுதி அந்தக் குடும்பத்துக்குரியது. அதைப் பழுதுபார்ப்பதும் பராமரிப்பதும் அவர்கள் பொறுப்பு. பொது இடம், ஆனால் பொறுப்பாளி இல்லாத இடம் அல்ல. லயத்தைக் கட்டியவர் முதலாளி. நீள வீட்டைக் கட்டியவர்கள் அதில் வாழ்கிறவர்கள். ஒன்றில் சேர்ந்திருப்பது கட்டாயம். மற்றொன்றில் கதவைத் திறப்பதும் மூடுவதும் குடும்பத்தின் விருப்பம். மூடுவதற்குக் கதவு இருக்கிறவர்தான் மனம் விரும்பித் திறப்பார்.

தமிழர்களுக்கும் இது புதிதல்ல. தமிழ்நாட்டுக் கிராமத்து வீட்டில் தெருவை ஒட்டித் திண்ணை. வழிப்போக்கன் கூட அனுமதி கேட்காமல் உட்காரலாம். அதற்குள் தாழ்வாரமும் முற்றமும், உறவினர் வரலாம். அதற்குள் அறை, வீட்டார் மட்டும். பின்னால் கொல்லை, பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள. தெருவிலிருந்து உள்ளே போகப்போக ஒவ்வொரு படியாகத் தனிமை கூடும். மலாய்க் கம்பத்து வீட்டிலும் 'செரம்பி' என்ற முன்கூடம் இதே வேலையைச் செய்கிறது. சாதியின் பெயரால் சிலரைத் திண்ணைக்குக் கூட வரவிடாத கொடுமையும் அந்த ஊர்களில் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கொடுமையை விட்டுவிட்டு அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பெல்டா சொல்லும் பாடம்

1956இல் தொடங்கப்பட்ட பெல்டா, கோத்தா திங்கி மாவட்டத்தின் தோற்றத்தையே மாற்றியது. ஒரு குடியேற்றத்தில் ஏறக்குறைய 400 குடும்பங்கள். குடும்பத்துக்கு 10 ஏக்கர் செம்பனை அல்லது ரப்பர் நிலம். வீட்டுக்குக் கால் ஏக்கர் மனை. நடுவில் பள்ளி, பள்ளிவாசல், கடை, மண்டபம். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த, ஒருவரையொருவர் அறியாத மக்கள். கால் ஏக்கர் இடைவெளி இருந்தால் உறவு வளராது என்று அன்று நினைத்தவர்கள் இருக்கலாம். ஆனால் வளர்ந்தது. ஏனென்றால் மக்கள் அங்கேயே நிலைத்திருந்தார்கள். பிள்ளைகள் பெரியவர்களானபோது அதே மனையில் வீட்டை நீட்டிக்கொள்ள இடமும் இருந்தது.

தோட்டத் தொழிலாளிக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவன் குடியிருந்த வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 1966ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டமும் தோட்ட வீடுகளின் தரத்தை உயர்த்தின. குழாய் நீரும் மின்சாரமும் கிடைக்க வழிசெய்தன. ஆனால் தரத்தைப் பற்றிப் பேசிய சட்டம் சொந்தத்தைப் பற்றிப் பேசவில்லை. மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பமும் ஒரு கடிதத்தில் வெளியேற வேண்டிய நிலை இருந்தது. 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடலின்போது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதை அனுபவித்தன. அதைத் தடுக்கத்தான் துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கிய அரிய முயற்சி அது.

ஆகவே முதல் பாடம் இது. காலடியில் உள்ள நிலம் உறுதியாக இருந்தால்தான் அதன் மேல் அண்டை அயல் உறவு வேர்விடும். நாளைக்கு எங்கே இருப்போம் என்று தெரியாதவன் அடுத்த வீட்டு வேலியோரம் ரோஜாச் செடி நடமாட்டான்.

தாமானில் தொலைந்தது எது?

தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சில மேம்பாட்டுக்குப் போயின. பிள்ளைகள் பாசிர் கூடாங்கிலும் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை தேடிக்கொண்டார்கள். குடும்பங்கள் தாமான்களுக்கு வந்தன. 1982இல் மலிவு விலை வீட்டுக்கு 25,000 வெள்ளி என்று விலை வரையறுக்கப்பட்டது. 1998க்குப் பின் வந்த மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடிகளில் 700 சதுர அடி, மூன்று அறைகள், மாதம் 124 வெள்ளி வாடகை. லயத்தில் வாழ்ந்த தாய்க்கு இது சாதாரண விஷயமல்ல. மகளுக்கு ஓர் அறை. வீட்டுக்குள்ளேயே குளியலறை. தாழ்ப்பாள் போட்ட கதவு. இந்த முன்னேற்றத்தைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை கிடையாது.

ஆனால் அறை கிடைத்தபோது அஞ்சடி போய்விட்டது. வரிசை வீட்டின் முன்பகுதி கார் நிறுத்தும் இடமாயிற்று. காருக்குப் பயந்து இரும்புக் கதவு. திருடனுக்குப் பயந்து ஜன்னலுக்குக் கம்பி. பிறகு சுவரை உயர்த்தினார்கள். மாலையில் வேலை முடிந்து வருகிறவர் காரை உள்ளே விட்டு, கதவைப் பூட்டி, விளக்கைப் போடுகிறார். பக்கத்து வீட்டுக்காரரின் காரை அடையாளம் தெரியும், முகத்தைத் தெரியாது. அடுக்குமாடியிலோ கதவைத் திறந்தால் நேரே இருண்ட நடைபாதை. அங்கே நிற்க யாருக்கும் தோன்றாது. வீட்டிலிருந்து ஒரே அடியில் அந்நியர் நடுவில் போய் நிற்க வேண்டும்.

லயத்தில் உள்ளே இருக்க வேண்டியது இல்லை. தாமானில் இடையே இருக்க வேண்டியது இல்லை. இரண்டு புலம்பல்களுக்கும் காரணம் ஒன்றுதான் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். அறைக்கும் தெருவுக்கும் நடுவே படிப்படியாக அமைய வேண்டிய இடங்களில் ஏதோ ஒரு படி இரண்டிலும் விடுபட்டுப்போயிற்று.

வீட்டை ஒதுக்கும் முறை இன்னொரு கேட்டையும் செய்தது. இடம் மாற்றும்போது குலுக்கலில் எண் எடுத்து வீடு கொடுப்பது நியாயமான முறையாகத் தோன்றுகிறது. யாருக்கும் சலுகை இல்லை. ஆனால் நாற்பது ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்தவர்களை வெவ்வேறு புளோக்குகளுக்கு அந்தக் குலுக்கல் பிரித்துவிடுகிறது. புத்ராஜெயா எழுந்த பகுதியில் பிராங் பெசார் போன்ற தோட்டங்கள் இருந்தன. அங்கிருந்து வெளியேறிய தொழிலாளர்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாறினார்கள். விரிசல் விட்ட அந்தக் கட்டடங்களில் இருந்துகொண்டே, தரைவீடு வேண்டும் என்று நீண்ட காலம் குரல் கொடுத்தார்கள். கேட்டது ஆடம்பரத்தை அல்ல. காலைத் தரையில் ஊன்றி நிற்க ஒரு வாசலைக் கேட்டார்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

இதெல்லாம் வசதியானவர்கள் பேசும் பேச்சு, ஏழைக்குக் கூரை கிடைத்தால் போதும் என்று சிலர் கருதலாம். ஆனால் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் கடும் வெப்ப அலை வீசியது. 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பர்க் இதை ஆராய்ந்து 2002இல் நூல் வெளியிட்டார். அடுத்தடுத்து இருந்த இரண்டு ஏழைப் பகுதிகளை அவர் ஒப்பிட்டார். தனித்து வாழும் முதியவர்கள் இரண்டிலும் இருந்தார்கள். ஆனால் ஒன்றில் இறப்பு விகிதம் மற்றதைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு. இறப்பு குறைந்த பகுதியில் தெருவில் கடைகளும் நடமாட்டமும் இருந்தன. முதியவர்கள் வெளியே வந்தார்கள். மற்ற பகுதியில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள்.

அதே 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரில் நிலநடுக்கம். வீடிழந்த முதியவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து, குலுக்கல் முறையில் தற்காலிக வீடுகளை ஒதுக்கினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அண்டை வீட்டார் பிரிந்துபோனார்கள். அந்தத் தற்காலிக வீடுகளில் 200க்கும் மேற்பட்டோர் யாருமறியாமல் தனிமையில் இறந்தார்கள். இந்தப் பாடத்தைப் படித்த ஜப்பான், 2004இல் சுயெட்சு நிலநடுக்கத்தின்போது யமக்கோஷி கிராமத்து மக்களைக் குக்கிராமம் குக்கிராமமாகச் சேர்த்தே குடியமர்த்தியது.

கோத்தா திங்கிக்கும் இந்தப் பாடம் தெரியும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து இரண்டு முறை வெள்ளம் புகுந்து ஊரையே மூழ்கடித்தது. தண்ணீர் ஏறும் இரவில் தீயணைப்புப் படகு வருவதற்கு முன்னால் வருவது பக்கத்து வீட்டுக்காரர். மேல்வீட்டுப் பாட்டிக்கு நடக்க முடியாது, கோடிவீட்டுத் தாத்தாவுக்குக் காது கேட்காது என்பது எந்த அலுவலகத்துப் பட்டியலிலும் இருக்காது. வாசலில் நின்று பேசிப் பழகியவருக்குத்தான் அது தெரியும்.

தனிமை இன்று உலக நாடுகளையே கவலைப்பட வைத்திருக்கிறது. பிரிட்டன் 2018இலும் ஜப்பான் 2021இலும் அதற்கென்றே அமைச்சரை நியமித்தன. அமைச்சர் வந்து கதவைத் தட்ட முடியாது. தட்டக்கூடிய தூரத்தில் யார் இருக்கிறார் என்பதை வீட்டின் வரைபடம் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது.

வரைபடத்தில் செய்யக்கூடியவை

இதற்கென்று பெரும் பணம் தேவையில்லை என்பதைப் பல நாடுகள் காட்டியிருக்கின்றன.

அமெரிக்காவில் மாணவர் குடும்பங்களின் குடியிருப்பு ஒன்றை பெஸ்டிங்கர் என்பவரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 1950இல் வெளியிட்டார்கள். யார் யாருக்கு நண்பர் ஆனார்கள் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது வாசல்களுக்கு இடையே இருந்த சில அடி தூரமும், படிக்கட்டு எங்கே இருந்தது என்பதும்தான். அடிக்கடி எதிர்ப்பட்டவர்கள் நண்பர்கள் ஆனார்கள்.

செர்மாயெப், கிறிஸ்தோபர் அலெக்சாண்டர் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் சமூகமும் தனிமையும் என்ற பொருளிலேயே 1963இல் ஒரு நூல் எழுதினார்கள். தெருவுக்கும் படுக்கையறைக்கும் நடுவே படிகள் பல இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அலெக்சாண்டர் பின்னர் 1977இல் எழுதிய நூலில் இன்னொன்றைச் சொன்னார். ஆறடிக்குக் குறைந்த அகலமுள்ள முகப்பு மாடத்தை மக்கள் பயன்படுத்துவதே அரிது. இரண்டு நாற்காலியும் ஒரு சிறு மேசையும் போட்டுக் காலை நீட்ட இடமிருந்தால்தான் உட்காரத் தோன்றும். துணி காயப்போட மட்டுமே உதவும் மூன்றடிப் பால்கனிகளைக் கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டென்மார்க்கில் 1972இல் சேட்டடாமன் என்ற இடத்தில் 27 குடும்பங்கள் சேர்ந்து ஒரு குடியிருப்பை அமைத்தன. ஒவ்வொருவருக்கும் சமையலறையோடு கூடிய முழு வீடு. அதோடு எல்லோருக்கும் பொதுவான ஒரு வீடு. அங்கே பெரிய சமையலறையும் சாப்பாட்டுக் கூடமும். சேர்ந்து சாப்பிட விருப்பமிருந்தால் வரலாம். இல்லையென்றால் தன் வீட்டில் சமைத்துக்கொள்ளலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சேர வழி, விலக வழி இரண்டும் இருப்பதுதான் அதன் வெற்றி.

அது பணக்கார நாடு என்று ஒதுக்க வேண்டாம். இந்தியாவில் 1980களில் நவி மும்பையின் பேலாப்பூரில், சார்லஸ் கொர்ரியா குறைந்த வருமானக்காரர்களையும் மனத்தில் வைத்து ஒரு குடியிருப்பை வடிவமைத்தார். ஏழு வீடுகள் சேர்ந்து 8 மீட்டர் சதுரமான ஒரு முற்றத்தைப் பார்த்திருக்கும். அப்படி மூன்று கூட்டங்கள் சேர்ந்து 21 வீடுகளுக்கு ஒரு பெரிய முற்றம். வீடுகளுக்குப் பொதுச்சுவர் கிடையாது. அதனால் ஒவ்வொரு குடும்பமும் வசதி வந்தபோது மற்றவரைத் தொந்தரவு செய்யாமல் தன் வீட்டை வளர்த்துக்கொள்ள முடிந்தது. தரைவீடுதான், ஆனால் இடத்தை வீணாக்காத நெருக்கம்.

மலேசியாவிலும் கட்டடக் கலைஞர் மஸ்லின் கசாலி 2000களில் தேன்கூட்டு வீடமைப்பு என்ற யோசனையை முன்வைத்தார். நீளமான சாலைக்குப் பதிலாக, மரம் நிற்கும் சிறு முற்றத்தைச் சுற்றி வீடுகள். கார் வேகமாக ஓட முடியாது. பிள்ளைகள் வாசலில் விளையாடலாம். அம்மாவின் கண் அவர்கள் மேல் இருக்கும். சிங்கப்பூரில் அடுக்குமாடிகளின் தரைத்தளத்தை வெறுமையாக விட்டார்கள். மலாய்க்காரர் கல்யாணமும் சீனர் துக்கமும் தமிழர் நிகழ்ச்சியும் அதே இடத்தில் நடப்பதை ஜொகூர் மக்கள் நன்றாக அறிவார்கள்.

கோத்தா திங்கியில் செய்யக்கூடியவை

தோட்டத்திலிருந்து குடும்பங்களை மாற்றும் நிலை வந்தால், தொழிற்சங்கமும் கோயில் நிர்வாகமும் முதலில் ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். யார் யாருக்குப் பக்கத்தில் இருக்க விரும்புகிறார்கள், எந்த முதியவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற பட்டியல் அது. தனித்தனியாகக் குலுக்காமல், ஏழெட்டுக் குடும்பங்களைக் கொண்ட கூட்டங்களாகக் குலுக்கலாம். நியாயமும் கெடாது, உறவும் அறுபடாது. பக்கத்தில் இருக்கப் பிடிக்காதவர்கள் விலகிக்கொள்ளவும் அந்தப் பட்டியலிலேயே இடம் இருக்க வேண்டும். குடிகாரக் கணவனின் உறவினர் கூட்டத்திலிருந்து தப்பிக்க நினைக்கும் பெண்ணுக்குப் புதிய இடத்து அந்நியர்கள் பெரிய ஆறுதல்.

புதிய வீடமைப்புத் திட்டங்களின் வரைபடம் மாவட்ட மன்றத்துக்கு வரும்போது, குடியிருப்போர் சங்கங்கள் சில கேள்விகளைக் கேட்கலாம். கார் நிறுத்தியது போக வாசலில் உட்கார ஆறடி இடம் மிஞ்சுகிறதா? சமையலறை ஜன்னல் பிள்ளைகள் விளையாடும் பக்கம் திறக்கிறதா? படுக்கையறை ஜன்னல் அடுத்த வீட்டுப் படுக்கையறையை நேருக்கு நேர் பார்க்கிறதா? கீழ்த்தளத்தில் முதியவர் தங்க ஓர் அறையும் குளியலறையும் உண்டா? மண்டபம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறதா, அல்லது யாருக்கும் தேவையில்லாத ஒரு மூலையில் ஒதுக்கப்பட்டிருக்கிறதா?

ஏற்கெனவே கட்டிய தாமான்களை இடித்துக் கட்ட முடியாது. ஆனால் பின்சந்து இருக்கிறது. குப்பையும் புல்லும் மண்டிக் கிடக்கும் அந்தச் சந்தில் கார் வராது. கோத்தோங் ரோயோங் செய்து சுத்தப்படுத்தி, நான்கு பெஞ்சுகளும் கறிவேப்பிலை, பண்டான் செடிகளும் வைத்தால் அதுவே அந்த வரிசையின் அஞ்சடி ஆகிவிடும். 1975 முதல் இயங்கும் ருக்குன் தெத்தாங்கா அமைப்பு, இரவுக் காவலோடு நிற்காமல் இதையும் எடுத்துச் செய்யலாம். பின்சந்தை அவரவர் வீட்டுக்குப் பின்னால் உள்ள பகுதிக்கு அவரவரே பொறுப்பு என்று பிரித்துக்கொண்டால் இபான் மக்களின் ருவாய் கணக்கு இங்கேயும் பலிக்கும்.

கோயில்களுக்கும் ஒரு பங்கு உண்டு. திருவிழா நாளில் திரளும் கூட்டம் மற்ற நாட்களில் வருவதில்லை. கோயில் மண்டபத்தில் ஒரு பகுதியை மாலை நேரத்தில் பிள்ளைகள் அமைதியாகப் படிக்கும் இடமாக ஒதுக்கலாம். காலையில் முதியவர்கள் வந்து பத்திரிகை படித்துப் பேசிக்கொண்டிருக்கலாம். ஒலிபெருக்கியைக் கோயிலுக்குள் கேட்கும் அளவுக்கு வைத்தால், அண்டை வீட்டாரின் தனிமையும் கெடாது. சேர்ந்திருப்பது என்பது மற்றவர் காதுக்குள் புகுவது அல்ல.

மூடத் தெரிந்த கதவு

தனிமையை நாடுகிறவனைத் திமிர் பிடித்தவன் என்றும், கூட்டத்தை நாடுகிறவனை வேலையற்றவன் என்றும் சொல்லும் வழக்கம் இருக்கிறது. இரண்டும் தவறு. காலையில் தனியாக ஒரு கோப்பை காப்பி குடிக்க விரும்புகிற அதே மனிதன்தான் மாலையில் நாலு பேரோடு பேச விரும்புகிறான். படிக்கும் பிள்ளைக்கு ஒரு வயதில் மூலை வேண்டும். ஓடியாடும் வயதில் திடல் வேண்டும். கணவனை இழந்த தாய்க்குச் சில நாள் கதவை மூடிக்கொண்டு அழ வேண்டும், பிறகு கதவைத் தட்டி "சாப்பிட்டியா ஆத்தா?" என்று கேட்க ஆள் வேண்டும். ஒரே வீடு இத்தனைக்கும் இடம்கொடுக்க வேண்டும்.

தோட்டத்து முன்னோர்களுக்கு மூடுவதற்குக் கதவு கிடைக்கவில்லை. கிடைத்த அஞ்சடியில் அவர்கள் ஒரு சமுதாயத்தையே வளர்த்துக் கொடுத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கதவு கிடைத்திருக்கிறது. தாமானில் வீடு வாங்கப் போகிறவர்கள் அடுத்த முறை மாதிரி வீட்டைப் பார்க்கப் போகும்போது, உள்ளே ஓடுகளையும் அலமாரிகளையும் பார்த்து முடித்த பிறகு ஒரு நிமிடம் வாசலில் நின்று பார்க்கட்டும். மாலையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார அங்கே இடமிருக்கிறதா? உட்கார்ந்தால் எதிரே ஒரு மனித முகம் தெரியுமா? இல்லையென்றால் மேம்பாட்டாளரிடம் ஏன் என்று கேட்கட்டும். வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினால் கட்டுகிறவர்கள் வரையத் தொடங்குவார்கள்.